காய்ச்சல் வராத குழந்தைகள்

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாய் முதலில் என்ன செய்கிறாள்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். சுட்டால் ஜுரம், சுடாவிட்டால் நிம்மதி. டாக்டரும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார். கைக்குப் பதில் தர்மாமீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் இந்த வழக்கம் சரியானதே. ஆனால் நோயை எதிர்க்கும் சக்தி குன்றிய குழந்தைகள் என்று ஒரு பெருங்கூட்டம் உலகில் இருக்கிறது. அவர்கள் விஷயத்தில் சுடாத நெற்றி நிம்மதிக்குரியது அல்ல. சில சமயங்களில் அதுவே ஆபத்தின் அறிகுறி.

இத்தகைய குழந்தையின் ரத்தத்தில் பாக்டீரியாக் கிருமி புகுந்திருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி? டாக்டர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பமான விஷயம் என்று இது நமக்குத் தோன்றலாம். அப்படி அல்ல. இது பணத்தைப் பற்றிய பிரச்னை. சர்க்கார்களின் முன்யோசனையைப் பற்றிய பிரச்னை. 2025-ம் ஆண்டில் வெளியான இரண்டு செய்திகள் இதைத் தெளிவாக்கிவிட்டன. அந்தச் செய்திகளுக்கு வருமுன், நோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

பசி என்னும் பெருங்காரணம்

எதிர்ப்புச் சக்தி குன்றுவதற்குக் காரணங்கள் பல. பிறவியிலேயே அந்தச் சக்தி அமையாத குழந்தைகள் உண்டு. எச்.ஐ.வி. கிருமியால் அதை இழந்தவர்கள் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கடுமையான மருந்துகளால் சில வாரங்களுக்கு அதை இழப்பவர்களும் உண்டு. ஆனால் உலகை மொத்தமாக எடுத்துக்கொண்டால், இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் பசி.

2024-ம் ஆண்டில் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4 கோடியே 28 லட்சம் பேர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தார்கள் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியும், உலக சுகாதார ஸ்தாபனமும், உலக வங்கியும் சேர்ந்து கணக்கிட்டிருக்கின்றன. அவர்களில் 1 கோடியே 22 லட்சம் பேர் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள். இவர்களில் பலர் பட்டினியால் நேராக இறப்பதில்லை. பட்டினி கதவைத் திறந்துவிடுகிறது. கிருமி உள்ளே நுழைந்து உயிரைக் கொண்டு போகிறது.

கதவு எப்படித் திறக்கிறது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. எதிர்ப்புப் படையின் ஒரு முக்கியப் பிரிவு அங்கேதான் பயிற்சி பெறுகிறது. பட்டினியில் வாடும் குழந்தையிடம் அந்தச் சுரப்பி சுருங்கிவிடுகிறது. குடலின் உட்சுவர் பலவீனமாகி, குடலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டிய கிருமிகள் ரத்தத்தில் கலக்க வழி ஏற்படுகிறது. தோல் வெடித்துப் புண்ணாகிறது. எல்லாப் பக்கமும் வாசல் திறந்த வீடு போல ஆகிவிடுகிறது உடம்பு.

தூங்கிவிட்ட காவல்காரன்

இதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று. நோயின் அறிகுறிகள் என்று நாம் சொல்லும் பலவற்றைக் கிருமி உண்டாக்குவதில்லை. கிருமியை எதிர்த்துப் போராடும் நம் உடம்பே உண்டாக்குகிறது. வெள்ளை அணுக்கள் அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு மூளை உடம்பின் உஷ்ணத்தை உயர்த்துகிறது, அதுதான் ஜுரம். போரில் மாண்ட வெள்ளை அணுக்களின் குவியல்தான் சீழ். புண்ணைச் சுற்றி வரும் வீக்கமும் சிவப்பும் அந்தப் போரின் அடையாளங்களே.

ஊர்க் காவல்காரன் விழித்திருந்து கூவினால்தான் திருடன் வந்த சேதி நமக்குத் தெரியும். அவனே பட்டினியால் மயங்கிக் கிடந்தால்? திருடன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மெலிந்த குழந்தையின் நிலை இதுவே. சதையும் கொழுப்பும் கரைந்துபோன அந்த உடம்புக்கு உஷ்ணத்தை உயர்த்தும் சக்தி இல்லை. ஆகவே கடுமையான கிருமித் தாக்குதலின்போது அது சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்துபோகக்கூடும். அக்குளில் வைத்த தர்மாமீட்டர் 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே காட்டினால், அல்லது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தால், கிருமித் தொற்று இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிமுறை சொல்வது இதனால்தான்.

மூச்சை எண்ணுவதும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. ஒரு வயது நிரம்பாத குழந்தை நிமிஷத்துக்கு 50 முறையும், அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 முறையும், அல்லது அவற்றுக்கு மேலும், மூச்சு விட்டால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது கிராம சுகாதார ஊழியர்களுக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் மெலிந்த குழந்தைக்கு நிமோனியா வந்தாலும் அவ்வளவு வேகமாக மூச்சு வாங்கத் தெம்பிருக்காது. காசநோய்க்காகத் தோலில் போடும் ஊசிச் சோதனையும் இப்படியே ஏமாற்றும். நோய் உள்ளே இருந்தாலும், தோல் தடித்துக் காட்ட உடம்பில் சக்தி வேண்டுமல்லவா?

புதிய ரத்தச் சோதனைகள் வந்துவிட்டனவே என்று கேட்கலாம். 1930-ல் கண்டுபிடிக்கப்பட்ட சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்ற பொருளையும், 1993 முதல் பேசப்பட்டு வரும் புரோகால்சிடோனின் என்ற பொருளையும் அளந்து பார்க்கும் சோதனைகள் பயனுள்ளவைதாம். எனினும் அவையும் கிருமியை நேரே காட்டுவதில்லை. உடம்பு காட்டும் எதிர்ப்பையே அளக்கின்றன. மலேரியாவிலும் அவை உயரும். காவல்காரனின் குரலைக் கேட்கப் புதிய கருவி வாங்கியிருக்கிறோம். காவல்காரன் தூங்கினால் அதனாலும் முழுப் பயன் இல்லை.

கிலிஃபியில் கண்ட உண்மை

ஆகவே கிருமியையே நேரில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பழைய, நம்பகமான வழி ஒன்று உண்டு. குழந்தையின் ரத்தத்தில் சிறிது எடுத்து, கிருமிகள் வளர்வதற்கேற்ற சத்துத் திரவம் உள்ள புட்டியில் விட்டு, உடல் சூட்டில் வைத்திருப்பார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தால் அது அங்கே பெருகும். பெரும்பாலான கிருமிகள் இரண்டு நாட்களுக்குள் வெளிப்பட்டுவிடும். அதன் பெயர் என்ன, எந்த மருந்துக்கு அது சாகும் என்பதை அறிய இன்னும் ஒரு நாள் ஆகலாம். ஆஸ்பத்திரிகளில் 'பிளட் கல்ச்சர்' என்று சொல்வது இதைத்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் கடற்கரையில், மொம்பாஸாவுக்கு வடக்கே, கிலிஃபி என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் 1989-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1998 முதல் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புதுமை செய்தார்கள். நோயென்று வந்து சேரும் குழந்தைகளில் சந்தேகத்துக்கு இடமானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், எல்லோருடைய ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். கிராமப்புற ஆப்பிரிக்காவில் அதற்குமுன் இது அரிதான காரியம்.

2005-ல் அதன் முடிவு வெளியாயிற்று. நான்கு ஆண்டுகளில் கணக்கில் சேர்ந்த 16,570 குழந்தைகளில் 1,094 பேருடைய ரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. ஆஸ்பத்திரியில் இறந்த 1,183 குழந்தைகளில் 308 பேர் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். அதாவது, நான்கு சாவுகளில் ஒன்றுக்குமேல் ரத்தத்தில் கிருமியோடு சேர்ந்து வந்தது. ஆப்பிரிக்காவில் குழந்தைக்கு ஜுரம் என்றால் மலேரியா என்றே எண்ணிப் பழகியிருந்த உலகத்துக்கு இது பெரிய அதிர்ச்சி.

அந்த அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அந்த 308 குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு, வந்து சேர்ந்த அன்றே இறந்தது. நூற்றுக்கு 70 பேர் இரண்டு நாட்களுக்குள் போய்விட்டார்கள். சோதனையின் முடிவு வர இரண்டு நாட்கள் ஆகும் என்று மேலே சொன்னோம். கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. பல குழந்தைகளுக்குக் கிருமியின் பெயர் தெரிய வந்தபோது, அதைக் கேட்கக் குழந்தை இல்லை.

மெலிந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் செய்த ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. 920 பேரில் 176 பேர் இறந்திருந்தார்கள். ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

அப்படியானால் கல்ச்சர் சோதனையால் என்ன லாபம் என்ற கேள்வி நியாயமாகவே எழும். பதிலுக்கு நாம் அமெரிக்காவின் புற்றுநோய் வார்டு ஒன்றுக்குப் போக வேண்டும்.

முதலில் ரத்தம், உடனே மருந்து

1960-களில் ரத்தப் புற்றுநோய் நோயாளிகள் புற்றுநோயைவிடக் கிருமித் தொற்றால் அதிகம் மடிந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த ஜெரால்ட் போடீ என்பவரும் அவருடைய சகாக்களும் 1966-ல் ஓர் உண்மையை நிலைநாட்டினார்கள். வெள்ளை அணுக்களில் கிருமியை விழுங்கும் வகை குறையக் குறைய, தொற்றின் அபாயம் ஏறிக்கொண்டே போகிறது என்பதே அது. அந்த அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போனால் அபாயம் என்பது இன்றும் டாக்டர்கள் கையாளும் எல்லை.

அந்த நோயாளிகளிடமும் காவல்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். நிமோனியா இருக்கும், மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். தொண்டைப் புண் இருக்கும்; சீழ் இருக்காது. அவர்களிடம் மிஞ்சியிருந்த அறிகுறி பெரும்பாலும் ஜுரம் ஒன்றே. கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருந்தால் கிலிஃபியில் நடந்ததே அங்கும் நடந்தது. 1971-ல் பால்டிமோர் நகர டாக்டர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஜுரம் வந்தவுடனேயே, கிருமியின் பெயர் தெரியுமுன்பே, இரண்டு பலமான மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்பது அந்த வழி. இன்று இத்தகைய குழந்தைக்கு ஜுரம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் ஏற வேண்டும் என்பது பல நாடுகளிலும் ஏற்றுக்கொண்ட லட்சியம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வார்டுகளில் மருந்து ஏற்றுமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். மருந்து காத்திருப்பதில்லை, ஆனால் சோதனையும் கைவிடப்படுவதில்லை. முடிவு வந்ததும் மருந்தை மாற்றுகிறார்கள், குறைக்கிறார்கள், அல்லது நிறுத்துகிறார்கள். ஜுரம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல்ச்சரில் ஒன்றும் தெரிவதில்லை என்பது உண்மையே. சிறு குழந்தையிடம் எடுக்கக் கூடிய ரத்தமும் கொஞ்சம். அதிலுள்ள கிருமியும் சொற்பம். ஆயினும் நூறு குழந்தைகளின் முடிவுகள் சேர்ந்தால், அந்த வார்டில் எந்தக் கிருமி நடமாடுகிறது, எந்த மருந்து இன்னும் வேலை செய்கிறது என்ற ஞானம் கிடைக்கிறது. அடுத்த குழந்தைக்கு 'கண்ணை மூடிக்கொண்டு' கொடுக்கும் மருந்து, உண்மையில் கண் திறந்தவர்கள் தேர்ந்தெடுத்த மருந்தாகிவிடுகிறது.

இன்றைய குழந்தையிடம் எடுத்த ரத்தம் நாளைய குழந்தையைக் காப்பாற்றுகிறது. கல்ச்சரின் முழு லாபம் இதுதான்.

குருட்டு மருந்தின் குழப்பம்

ஏழை நாடுகளின் மெலிந்த குழந்தைகளுக்கு இந்தப் பாடத்தில் முதல் பாதி மட்டுமே கிடைத்தது. 'எல்லோருக்கும் தொற்று இருப்பதாக வைத்துக்கொள். எல்லோருக்கும் மருந்து கொடு' என்பது வழிமுறையாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய குழந்தைக்கு ஊசி. வீட்டிலிருந்தபடியே ஊட்டம் பெறும் குழந்தைக்கு அமாக்சிசிலின். சோதனைக்கூடம் இல்லாத இடத்தில் இதைத் தவறென்று சொல்வதற்கில்லை. வேறென்ன செய்வது?

ஆனால் இதன் பலன் எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை. மலாவி நாட்டில், வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்ற 2,767 குழந்தைகளிடம் செய்த பரீட்சையின் முடிவு 2013-ல் வந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 7.4 பேரும், அமாக்சிசிலின் பெற்றவர்களில் 4.8 பேரும் இறந்திருந்தார்கள். மருந்து உயிர் காக்கிறது என்றாயிற்று. 2016-ல் நைஜர் நாட்டிலிருந்து வந்த முடிவு, அதே மருந்தால் குணமடைவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்றது. அதே ஆண்டில் கென்யாவிலிருந்து இன்னொரு முடிவு. ஆஸ்பத்திரி சிகிச்சை பெற்ற 1,778 குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினந்தோறும் வேறொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், சாவு குறையவில்லை.

மூன்று நாடு, மூன்று பதில். இடமும் மருந்தும் வேறு. குழந்தைகளின் நிலையும் வேறு என்பது ஒரு காரணம். யாருடைய உடம்பில் கிருமி இருந்தது, அது அந்த மருந்துக்கு அடங்குமா என்று தெரியாமலே எல்லோருக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டியிருப்பது மற்றொரு காரணம். இருட்டில் எறிந்த கல் சில சமயம் படும்; சில சமயம் படாது.

இதற்கிடையே கிருமிகள் சும்மா இருக்கவில்லை. 2025 அக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அறிக்கை, நாம் முதலில் குறிப்பிட்ட இரண்டு செய்திகளில் ஒன்று. 2023-ல் உலகெங்கும் சோதனைக்கூடத்தில் உறுதியான தொற்றுகளில் ஆறில் ஒன்று மருந்துக்குப் பணியாத கிருமியால் வந்தது என்று அது கூறுகிறது. ஆப்பிரிக்கப் பகுதியில் இது ஐந்தில் ஒன்று; இந்தியா அடங்கிய தென்கிழக்காசியப் பகுதியில் மூன்றில் ஒன்று. எல்லோருக்கும் ஒரே மருந்து என்ற வழிமுறையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

விளக்கை அணைப்பதா?

இருட்டைப் போக்க வேண்டிய விளக்கு கிருமிச் சோதனைக்கூடம். அந்த விளக்குகள் எத்தனை இருக்கின்றன? கென்யா உள்ளிட்ட 14 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 50,000 வைத்தியச் சோதனைக்கூடங்களைக் கணக்கெடுத்து 2022-ல் ஓர் அறிக்கை வந்தது. பாக்டீரியாவைக் கண்டறியும் சோதனை செய்பவை நூற்றுக்கு 1.3 மட்டுமே.

இந்த நிலையை மாற்றுவதற்காகவே பிரிட்டிஷ் சர்க்கார் 2015-ல் ஒரு நிதியை ஏற்படுத்தியது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் பெயரை அதற்குச் சூட்டியது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் கிருமிச் சோதனைக்கூடங்களுக்குக் கருவி வாங்கவும் ஆட்களைப் பழக்கவும் அது உதவி வந்தது. 2025 ஜூலையில் அந்த நிதியை நிறுத்திவிடப் போவதாக அதே சர்க்கார் அறிவித்தது. இது இரண்டாவது செய்தி. அதே மாதம் முதல் தேதியோடு, ஏழை நாடுகளின் சுகாதாரத்துக்குப் பெரும் பொருள் வழங்கி வந்த அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் அமைப்பும் தன் வெளிநாட்டு உதவிப் பணியை முடித்துக்கொண்டது.

மருந்தை நிறுத்தினால் ஊரே கூக்குரலிடும். சோதனைக்கூடத்தை மூடினால் யாரும் அழுவதில்லை. ஏனென்றால் அதனால் பிழைத்த குழந்தை எதுவென்று யாருக்கும் தெரியாது. சிக்கனம் செய்ய நினைக்கும் சர்க்கார்களின் கண் அங்கே போவது இதனால்தான்.

ஆனால் அது சிக்கனமா? கிலிஃபியைப் பாருங்கள். அந்தச் சோதனைக்கூடம்தான் எந்தக் கிருமிகள் குழந்தைகளைக் கொல்கின்றன என்று சொல்லிற்று. ஹீமோபிலஸ் என்ற கிருமிக்கு எதிரான தடுப்பூசி 2001 நவம்பரில் கென்யாவில் வந்தது. அதற்குமுன் அங்கே ஆண்டுக்கு லட்சம் சிறுகுழந்தைகளில் 66 பேரைப் பிடித்த அந்த நோய், சில ஆண்டுகளில் 8 பேருக்கும் குறைவாயிற்று. நிமோனியாக் கிருமிக்கான தடுப்பூசி 2011 ஜனவரியில் வந்தது. அது தடுக்கக்கூடிய வகைகளால் வந்த கடும் நோய் லட்சத்துக்கு 61 என்பதிலிருந்து 3 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவை அளந்து உலகுக்கு நிரூபித்ததும் அதே ரத்தப் புட்டிகள்தாம். அறிகுறி காட்டத் தெரியாத குழந்தைக்கு நோயைக் கண்டுபிடிப்பதைவிட, நோய் வராமலே தடுப்பது எவ்வளவோ மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கும் உரிய பாடம்

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. இந்தியாவில் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 7.7 பேர் கடுமையாக மெலிந்தவர்கள். அவர்களுக்கென நம் நாட்டில் நடக்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிமுறையைத் தழுவியே சிகிச்சை அளிக்கின்றன. மருந்துக்குப் பணியாத கிருமிகளோ நம் பகுதியில் ஆப்பிரிக்காவைவிட அதிகம். ஆகவே, பக்கத்தில் கிருமிச் சோதனைக்கூடம் உண்டா என்ற கேள்வியை ஒவ்வொரு ஜில்லாவிலும் நாம் கேட்டாக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன? மருந்தைத் தாமதிக்கச் சொல்வோர் யாரும் இல்லை. மெலிந்த குழந்தை சோர்ந்து கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டிருந்தால், ஜுரம் இல்லையே என்று வீட்டில் வைத்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே உடனே மருந்து தொடங்க வேண்டும். அதோடு, மருந்துக்குமுன் ஒரு புட்டியில் சிறிது ரத்தம் எடுத்துவைக்கும் வசதி ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் இருக்க வேண்டும். கிருமியின் வித்தை நேரே கண்டு சில மணி நேரத்தில் பதில் சொல்லும் புதுக் கருவிகளும் வந்திருக்கின்றன. அவை பரவட்டும். ஆனால் புதுக் கருவி வரும்வரை பழைய புட்டியை மூலையில் வைப்பது புத்திசாலித்தனமல்ல. அந்நிய நாட்டு உதவி ஓர் அறிவிப்பில் நின்றுவிடும் என்பதை 2025 காட்டிவிட்டது. சோதனைக்கூடத்துக்கு வேண்டிய செலவை அந்தந்த நாட்டின் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிக்கொள்வதுதான் நிலையான வழி.

உரக்க அழும் குழந்தைக்குப் பால் கிடைக்கும் என்பது உலக வழக்கம். இந்தக் குழந்தைகளோ அழவும் சக்தியற்றவர்கள். ஜுரத்தால்கூடத் தங்கள் நோயைச் சொல்லத் தெரியாதவர்கள். அவர்கள் சார்பில் பேசக்கூடியது, இரண்டு நாள் பொறுத்துப் பதில் சொல்லும் அந்தச் சிறு புட்டி ஒன்றுதான். அந்தக் குரலையும் அடக்கிவிட்டு, மருந்து கொடுத்தோம், ஆனாலும் பிழைக்கவில்லை என்று நாம் கையை விரிப்பது நியாயமாகாது.